பதில் ஆள்

அகராதி அலுவலகத்தில் ‘எ’ எழுத்தைக் கவனித்துவந்த உதவியாசிரியர், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு இரண்டு பேராக ஆனார். அன்று மின்விசிறி ஓடவில்லை என்பதைத் தவிர வேறு விசேஷம் எதுவும் பதிவாகவில்லை.

‘எர்சாட்ஸ்’ என்ற ஒரே சொல்லோடு அவர் நான்கு வருடம் குடித்தனம் நடத்தியிருந்தார். ஜெர்மன் சொல், ஒன்றுக்குப் பதிலாக வருவது என்று பொருள். அந்த நாட்டுப் படையில், செத்தவன் நின்ற இடத்தை நிரப்ப அனுப்பப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர். தளபதிகள் தலையை எண்ணினார்களே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. பிறகு போர்க்காலத்தில் காப்பிக்கொட்டை கிடைக்காமல் எதையெதையோ வறுத்துக் குடித்தபோது, அந்தக் கஷாயத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ‘மட்டமான மாற்று’ என்ற பொருள் அப்படி வந்தது. இவ்வளவையும் அட்டையில் எழுதிவிட்டு, வழக்கம்போல் ஒரு மணி நேர டீக்குப் போனார். திரும்பி வந்தபோது நாற்காலியில் அவரே உட்கார்ந்து அடுத்த சொல்லை முடித்துக்கொண்டிருந்தார்.

அகராதியின் தலைமையாசிரியர் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். “இதுல யாருய்யா டீக்குப் போனது?” என்று மட்டும் கேட்டார். பழையவர் கையைத் தூக்கினார். அவரை ஜன்னலோர ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள்.

அன்று மாலை வீட்டுக்கும் பதில் ஆள்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். பழையவர் பின்னாலேயே ஓடிக் கதவைத் தட்டி, நான்தான் உன் புருஷன் என்று மன்றாடினார். மனைவி கல்யாணத் தேதியைக் கேட்டாள். மாதம் வரைக்கும் சரியாகச் சொன்னார். உள்ளே இருந்தவர் தேதி, கிழமை, அவள் கட்டியிருந்த புடவையின் நிறம் வரை சொன்னார்.

“நீங்கதான் அசல்னு எனக்குத் தெரியுதுங்க,” என்றாள். “அதுக்காக இவரை எப்படிப் போகச் சொல்றது? கேட்டா பதில் சொல்றாரு.”

மாடி அறையை ஒழித்துக் கொடுத்தாள். மகள் அவரை மாடியப்பா என்று கூப்பிட்டாள். வீட்டுப்பாடச் சந்தேகங்களைக் கீழப்பாவிடம் கேட்டாள்.

ஆறு மாதத்தில் பதில் ஆள் ‘எ’வை முடித்துவிட்டார். தொகுதி அச்சுக்குப் போகும் நாளில், பழையவர் தன் அட்டையைத் தலைமையாசிரியரிடம் நீட்டினார். மாற்று மட்டமானது என்று இதிலேயே இருக்கிறது, ஆகவே நாற்காலி எனக்கே என்றார். தலைமையாசிரியர் ஸ்டூலைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து ‘மட்டமான’ என்பதை அடித்தார்.

“ஆதாரம் இல்லாம எப்படிய்யா அச்சுல போடறது?”

அகராதி இப்போது மூன்றாம் பதிப்பு. பதில் ஆள் விடுப்பெடுக்கும் நாட்களில் பழையவர் நாற்காலியில் உட்காருகிறார். அன்றைய வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக ‘எர்சாட்ஸ்’ என்று எழுதுகிறார்கள். பொருள் யாரும் கேட்பதில்லை.