ஹோல் பச்சையாகும் நேரம்

பச்சைதான், இன்றைக்கும் பச்சைதான்… குசினி வாசலில் நின்றபடியே தெரிகிறது, ஹோல் சீலிங்கைச் சுற்றி ஓடும் ஸ்ட்ரிப் லைட் யாரும் தொடாமலே எரிந்து வெள்ளைச் சுவரெல்லாம் கிளிப்பச்சை, உம்மா தொழுகைப் பாயில் இருந்தபடி லைட்டைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், அந்தப் பார்வையாலேயே ஆளைக் கொல்ல உம்மாவுக்கு நன்றாகத் தெரியும். கறிக்கு இறால் உரித்த என் கையெல்லாம் வாடை. அசர் தொழுது கொஞ்ச நேரம்தான், முற்றத்தில் வெயில் இன்னும் கிடக்கிறது, இந்த வெயிலுக்குள் லைட் யாருக்கு? எனக்கா? எனக்கென்றால் என்ன சொல்ல வருகிறது? முன்பென்றால் குழப்பமே இல்லை, பஹ்மி மச்சான் கல்முனை பஸாரில் லைட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறார், ஹோல் பச்சையானால் நான் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைப்பேன், அவர் உள்ளே வந்து போனை ஒரு தட்டுத் தட்டி வெள்ளையாக்கிவிடுவார். இப்போது அவர் என் புருஷன், இல்லை, புருஷன் இல்லை, இரண்டுக்கும் நடுவில் என்னவோ… ஒரு தலாக் சொல்லியாயிற்று, தலாக்குக்குப் பின் காத்திருக்கிற இத்தா முடியச் சில நாள்தான் மிச்சம், அதற்குள் மீட்டுக்கொண்டேன் என்று அவர் வாய் திறந்து சொன்னால் நான் மறுபடி அவருடைய பெண்சாதி, சொல்லாவிட்டால் அன்னியப் பெண். மருதமுனையில் தன் உம்மா வீட்டில் இருக்கிற மனுசன், வாயைத் திறக்காமல் இங்கே சாய்ந்தமருதில் என் ஹோலைப் பச்சையாக்கிக்கொண்டிருக்கிறார், இதை நான் என்னவென்று எடுப்பது? மௌலவியிடம் ஆள்விட்டுக் கேட்போமா என்றுகூட யோசித்தேன், ஹழ்ரத், ஸ்ட்ரிப் லைட் பச்சையானால் மீட்டதாகுமா என்று… ஊரே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன், சிரித்துவிட்டு அறைக்குள் போய் அழுவேன்.

இந்த லைட்டால்தானே எல்லாம் வந்தது. மச்சான்தான் ஃபேன், கேற் லைட், ஹோல் எல்லாவற்றையும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் கட்டிவைத்தார், சுவரில் இருந்த சுவிட்சைக் கழற்றி மூடி போட்டார், இனி விரல் பட்டாலே போதும் ஹப்ஸா என்றார், விரல் என்றால் அவருடைய விரல். அன்றைக்குக் கரண்ட் போய் வந்தது, ஹோல் ஒரே ஊதா, எனக்கோ தவணைப் பரீட்சைப் பேப்பர் ஒரு கட்டுத் திருத்தக் கிடக்கிறது, சிவப்புப் பேனையும் தெரியவில்லை, பிள்ளைகள் எழுதியதும் தெரியவில்லை, அவருக்குப் போன் எடுத்தால் கடையில் சனம், கொஞ்சம் பொறு என்று சிரிக்கிறார். பொறுத்தேன். இரவு இஷா தொழுகை வரைக்கும் அந்த ஊதாவுக்குள் பொறுத்தேன். அவர் வந்து செருப்பைக் கழற்ற முன்னமே கேட்டுவிட்டேன், "என்ட ஊட்டுல லைட்டுப் போட எனக்கு உங்கட போனா வேணும்?" என்று… என்ட ஊடு. இதில் என்ன பொய்? வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு, உறுதிப் பத்திரம் என் பேரில், எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை பையோடு வருவார், அது எல்லாருக்கும் தெரியும், தெரிந்ததாலேயே ஒருத்தியும் வாயால் சொல்லமாட்டாள். நான் சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது, வந்த பையை எடுத்தார், போய்விட்டார், பிறகு தலாக். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, ஆறக்கூடாது என்றும் இருக்கிறது. பள்ளிவாசல் ஆட்கள் இரண்டு தரம் வந்து என்னிடம் கேட்டார்கள், புள்ளைக்குச் சேர்ந்து வாழ விருப்பமா இல்லையா என்று. எனக்குத் தெரியாது என்றேன், பொய்யில்லை, உண்மையாகவே தெரியாது, காலையில் ஒன்று தோன்றுகிறது, பின்னேரம் வேறொன்று.

தெரியாததோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இன்றைக்குப் பகல் தங்கச்சி அம்ஹா, அவர் விட்டுப்போன டெப்லட்டைத் தோண்டித் தோண்டிப் பார்த்துவிட்டு வந்து, ராத்தா, மச்சான் ஒன்றையும் தட்டவில்லை, அவருடைய போன் எங்கள் ஒழுங்கைப் பக்கம், தெருமுனைக்கு வந்தாலே ஹோல் தானாகப் பச்சையாகும், விலகிப் போனால் தானாக அணையும், நாம் குடிவந்த புதிதிலேயே அப்படிச் செய்துவைத்திருக்கிறார் என்றாள். அப்போ இத்தனை காலமும் கடையிலிருந்து எனக்காகத் தட்டுகிறார் என்று நினைத்தது? அதுவும் பெட்டியின் வேலைதானா… சரி, அது கிடக்கட்டும், பச்சை சேதி இல்லையென்றால் என்ன? ஆள். ஆள் வந்து நிற்கிறார். கடை கல்முனையில், உம்மா வீடு அதற்கும் வடக்கே, இந்தப் பக்கம் அவருக்கு ஒரு அலுவலும் கிடையாது, பின்னே ஏன் வருகிறார்? உள்ளே எட்டிப் பார்க்கவா, யார் வந்து போகிறார்கள் என்று உளவு பார்க்கவா, இல்லை, லைட் பச்சையாகும், ஹப்ஸா புரிந்துகொள்வாள் என்ற எண்ணமா, அப்படியென்றால் நான் ஓடிவர வேண்டுமாக்கும், ஏன், அவருக்குக் கால் இல்லையா, வாய் இல்லையா?

கேற்றில் மோட்டார் சைக்கிள் சத்தம், றமீஸ் காக்கா, என் கூடப்பிறந்த மூத்தவர். அஸ்தஃபிருல்லாஹ், மறந்தே போனேன், உம்மாதான் வரச்சொன்னார், ஜின் ஊடு மாதிரி இரிக்கி, அவருடைய போனை இந்தப் பெட்டியிலிருந்து எடுத்துவிடு என்று, எனக்கும் நேற்று அது சரியாகத்தான் பட்டது, எடுத்துவிட்டால் என் வீட்டு லைட் என் சொல் கேட்கும், அதற்குத்தானே இவ்வளவு சண்டையும். காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்க்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"ஒழுங்க முனையில மச்சான் நிக்காரு. என்னக் கண்டவொடன போனக் காதுல வெச்சிட்டு அங்கிட்டுத் திரும்பிட்டாரு."

திரும்பிவிட்டாரா? ஏன் திரும்ப வேண்டும்? சேதி சொல்ல வந்தவர் காக்காவைக் கண்டால் ஸலாம் சொல்லுவார், அவர் மூலம் ஒரு வார்த்தையாவது சொல்லி அனுப்புவார், இப்படி மூஞ்சியைத் திருப்பி ஒளிப்பாரா… ஒளிக்கிறவர் லைட்டைப் போட்டுவிட்டா ஒளிப்பார்? அப்போ அவருக்குத் தெரியாது. ஊரில் எத்தனை வீட்டுக்கு இப்படிக் கட்டிக்கொடுத்தார், எதற்கு என்ன செய்துவைத்தார் என்று ஞாபகம் இருக்குமா, தன் கைவேலையையே மறந்துபோய், யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அந்த முனையில் வந்து நிற்கிறார், நாளும் நிற்கிறார், இங்கே வீடு முழுக்கப் பச்சையாகி நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு ரோசக்காரன்… தெரிந்தால் வெட்கத்தில் செத்துப்போவார்.

டெப்பில் அவர் பேருக்கு மேல் விரலை வைத்தபடி காக்கா கேட்டார், "அழிச்சிரவா, செல்லு தங்கச்சி."

"கொஞ்சம் இரிங்க காக்கா," என்றேன், என் குரல்தானா அது, உம்மா பாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டார். என்ன செய்ய? அம்ஹாவை அனுப்பி வரச்சொன்னால், நான் நிற்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றுதான் முதலில் கேட்பார், லைட் காட்டிக்கொடுத்தது என்றாலும், காக்கா கண்டார் என்றாலும், இனி இந்தத் திசைக்கே வரமாட்டார். கூப்பிடாமல் விட்டால் இத்தா முடிந்துவிடும். மீட்கிற வார்த்தை அவருடையது, அதை நான் சொல்ல முடியாது, ஆனால் இந்த வாசலுக்குள் வாங்க என்கிற வார்த்தை யாருடையது, என் வீடு என்று சொன்னவளுடையதுதானே… சொல்வேனா? தெரியாது, ஓம், இப்போதும் தெரியாதுதான். காக்கா இன்னும் விரலை எடுக்கவில்லை. நான் அவரையும் பார்க்கவில்லை, உம்மாவையும் பார்க்கவில்லை, சீலிங்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், யா அல்லாஹ், அணைந்துவிடக் கூடாதே, இப்போது மட்டும் அணைந்துவிடக் கூடாதே என்று.