யார் போடச் சொன்னது

அன்று வெர்லீனின் சலவைக்கூடத்தைப் பார்க்க அதிகாரி வருவதாக இருந்தது. அமெரிக்காவின் மெம்பிஸ் நகராட்சி, பெண்களும் கறுப்பின மக்களும் நடத்தும் சிறு தொழில்களுக்கென்று சில ஒப்பந்தங்களை ஒதுக்கியிருந்தது. மனைவி பெயரில் கணவன் நடத்தும் கடைகளும் விண்ணப்பிப்பதால், நேரில் வந்து பார்த்துத்தான் சான்றிதழ் தருவார்கள். கிடைத்தால் நகராட்சி முதியோர் இல்லங்களின் துணியெல்லாம் அவள் சலவைக்கூடத்துக்கு வரும். கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு கூடத்தை மூட வேண்டியதுதான்.

வந்த அதிகாரி ப்ரூயட் என்ற பெண்மணி. சிரிக்கவே இல்லை.

"சமையலறை எண்ணெய்த் துண்டுக்குத் தண்ணி எவ்வளவு சூடு வைப்பீங்க?"

வெர்லீன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

"நூத்தறுபது டிகிரி ஃபாரன்ஹீட் மேடம்!" என்றான் ஓடிஸ். அவள் கணவன், கூடத்தின் வண்டியை ஓட்டுபவன்.

பேனா எதையோ எழுதியது.

"ஆளுங்களை யார் எடுக்கறது?"

"அவதான் மேடம். எல்லாமே அவதான். நான் வெறும் வண்டிக்காரன்."

"அதையும் நீங்கதான் சொல்றீங்க" என்றார் ப்ரூயட்.

வெர்லீன் தன்னையே அதட்டிக்கொண்டாள்: பேசுடி, பேசு.

அப்போது கருகல் வாசனை வந்தது. துணி காயவைக்கும் மூன்றாவது உலர்த்தி இயந்திரத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் புகை. ஓடிஸ் ஓடிப்போய்க் கதவில் கை வைத்தான்.

"தொடாதே!"

அவள் குரல்தான். "உள்ள காத்து போச்சுன்னா குப்புனு பத்திக்கும். இந்தப் பக்கம் வா! கேஸை மூடு. டெல்ஃபின், எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ, தீயணைப்புக்கு ஃபோன் போடு. மேடம், நீங்களும் போங்க!"

சொல்லிக்கொண்டே மின்சாரத்தை அணைத்துவிட்டு, டெல்ஃபினும் மற்ற வேலையாட்களும் போனபின் கடைசியாக வெளியே வந்தாள்.

அரைமணியில் தீயணைப்பு வண்டி போய்விட்டது. சேதம் உலர்த்தி ஒன்றோடு நின்றது. வாசலில் ப்ரூயட் மறுபடி தாளை எடுத்தார்.

"எப்படிப் பத்துச்சு?"

ஓடிஸ் வாயெடுத்தான். வெர்லீன் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

பொய் சொல்லலாம். இயந்திரக் கோளாறு என்றால் யாருக்குத் தெரியும்?

"அந்த எண்ணெய்த் துண்டை ரெண்டு தடவை துவைக்கணும் மேடம். இல்லேன்னா எண்ணெய் நிக்கும், சூட்டுல தானா பத்திக்கும். நீங்க வர்றீங்கன்னு அவசரத்துல ஒரு தடவையோட போட்டாச்சு."

"யார் போடச் சொன்னது?"

எல்லாம் போயிற்று என்று நினைத்தாள்.

"நான்தான். டெல்ஃபின் வேணாம்னுதான் சொன்னா. நான் கேக்கலை."

ப்ரூயட் தாளின் மேல் குனிந்தார்.

"படிவத்துல முடிவெடுப்பவர்னு ஒரு கட்டம் இருக்கு. காலையிலேர்ந்து காலியா கிடந்துச்சு" என்றவர், அவள் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.