கானல் வீட்டுப் பிள்ளைகள்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் கடந்த நான்கு கோடைகளாகத் தங்கள் பிள்ளைகளைக் கானலில் தெரியும் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வீடு காலை ஒன்பதரை வாக்கில் வரும், மாலை நாலரைக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. மேகம் போட்டால் கிடையாது. கழுவெளிச் சதுப்புப் பக்கம் கைவிட்டுப் போன உப்புப் பாத்திகள் இருக்கின்றன அல்லவா, அதற்கு மேலே தரையைத் தொடாமல் ஒரு முழ உயரத்தில் நிற்கும். பச்சைச் சுண்ணாம்பு அடித்த தளம் போட்ட வீடு, முன்பக்கம் இரண்டு ஜன்னல். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன் நடுங்குமே, அப்படி எந்நேரமும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, ஆதார் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தில் இப்படி எதுவும் கேட்காத இடம் இது ஒன்றுதான்.

பெரியவர்களால் அங்கே போக முடியாது. ஓரடி எடுத்து வைத்தால் வீடும் ஓரடி பின்னால் போகும். வார்டு மெம்பர் குழந்தைசாமி இதை நம்பாமல் ஒரு நாள் பைக்கில் துரத்திப் போய், கழுவெளிச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, பைக்கை மீட்க டிராக்டர் வரவழைத்தார். அது கானல் என்று தெரியாத பிள்ளைகளுக்கு மட்டும் வீடு நின்ற இடத்திலேயே நிற்கும். வரப்பிலிருந்து ஏழு நிமிட நடை. பத்து வயதானால் பள்ளிக்கூடத்தில் கானல் நீரைப் பற்றிப் பாடம் நடத்திவிடுகிறார்கள், அதோடு அந்தப் பிள்ளைக்கும் வீடு எட்டாமல் போய்விடுகிறது. புகார் வந்ததால் ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அரை நாள் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, குறிப்பிட்ட இடத்தில் கட்டடம் ஏதும் இல்லை, எனவே அனுமதி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைவிட நல்ல சான்றிதழ் யாருக்குக் கிடைக்கும்?

சூர்யகலா தன் மகள் சத்யப்ரியாவை அங்கே அனுப்ப ஆரம்பித்தது மூன்றாவது வருடம்தான். அதுவரை அவளுக்கு அந்த வீட்டைக் கண்டாலே ஆகாது. புருஷன் பிரபு கேளம்பாக்கத்தில் கட்டட வேலை, மாதம் இரண்டு முறை வருவான். மாமியார் மீன் கூடையோடு விடிவதற்குள் கிளியனூர் பஸ்ஸில் ஏறிவிடுவாள். சூர்யகலாவுக்கு உப்பளத்தில் சுமை வேலை. வாரிப் போட்ட உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து போய் வரப்பு மேல் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். உப்பு நன்றாக விளையும் மாதத்தில்தான் பள்ளிக்கூடத்தையும் மூடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்தவர் யாரென்று தெரியவில்லை, நிச்சயம் பிள்ளை வளர்த்தவராக இருக்க முடியாது. அங்கன்வாடிக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகாது, மேயில் அதற்கும் விடுமுறை. திண்டிவனத்தில் கோடை முகாம் என்று ஒன்று நடத்துகிறார்கள். அவள் ஒரு மாதம் சுமக்கிற உப்பு அந்த ஒரு முகாமுக்குச் சரியாகப் போகும். கராத்தே சொல்லிக்கொடுப்பார்கள், மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். அதனால் இரண்டு கோடை, மகளை உப்பளத்துக்கே கூட்டிப்போய் ஒரு தார்ப்பாய் நிழலில் உட்கார வைத்தாள். மூன்றாவது கோடையின் தொடக்கத்திலேயே குழந்தையின் பாதம் உப்புத் தண்ணீரில் வெந்து தோல் உரிந்தது, அடுத்த வாரம் வெயில் தாங்காமல் வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தபிறகு சூர்யகலா மெஹரூன்னிசா வீட்டுக்குப் போனாள்.

அந்த வீட்டை முதலில் கண்டுபிடித்தது மெஹரூன்னிசாவின் மகன் ஃபாரிஸ். புருஷன் ஷார்ஜாவில் இருக்க, அவள் கடைத்தெருவில் மருந்துக்கடையில் நிற்கிறாள். ஃபாரிஸ் நாலு வயதில் ஒரு நாய்க்குட்டி பின்னால் ஓடிக் காணாமல் போய், ஊரே தேடியபின் நாலரை மணிக்குக் கைவிட்ட பாத்திகளின் நடுவிலிருந்து நடந்து வந்தான். உடம்பில் வியர்வை இல்லை, தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தான். பசிக்கவில்லை என்றான். நாய்க்குட்டியும் அப்படித்தான் இருந்தது.

"உள்ள யாரு பாத்துக்கிறாங்கக்கா?" என்று சூர்யகலா கேட்டாள்.

மெஹரூன்னிசா பாயை விரித்து அவளை உட்காரச் சொன்னாள். "பயப்படாத. கேட்டா எல்லாப் புள்ளைங்களும் ஒரே பதில்தான் சொல்லுதுங்க. உன் புள்ள வந்ததும் நீயே கேளு."

முதல் நாள் சாயங்காலம் சத்யப்ரியா சில்லென்ற கையோடு வரப்பு ஏறி வந்ததும் சூர்யகலா அதைத்தான் கேட்டாள். "நீதான் இருந்தியேம்மா" என்றது குழந்தை. நீ உட்கார்ந்திருந்தாய், கதை சொன்னாய், என் கூடத் தூங்கினாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே அதனதன் அம்மாதான் இருந்தாள். சூர்யகலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் வெயில் நூற்று நாலு, குழந்தையின் பாதத்தில் புதுத் தோல் இன்னும் முற்றவில்லை. அனுப்பினாள். ஒரு வாரத்தில் பழகிப்போனது. தான் ஒரு இடத்தில் உப்பு சுமந்துகொண்டும் இன்னொரு இடத்தில் கதை சொல்லிக்கொண்டும் இருப்பதில் அவளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். இன்னொன்றையும் தாய்மார்கள் கவனித்திருந்தார்கள். அங்கே இருக்கும் நேரத்துக்குப் பிள்ளைகளின் நகமும் முடியும் வளர்வதில்லை. மூன்று கோடை போன ஃபாரிஸ் தன் வகுப்பில் எல்லோரையும்விட ஒரு விரற்கடை குட்டையாக இருந்தான். யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. சீருடை இரண்டு வருடம் தாங்கியது.

போன வருடம் அக்னி நட்சத்திரம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, மத்தியானம் இரண்டு மணிக்குக் கடல் பக்கமிருந்து மேகம் ஏறியது. வீட்டுக்குள் பதினோரு பிள்ளைகள் இருந்தார்கள். கருக்கல் தெரிந்த உடனே வரப்பில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் பதினோரு பேரும் நடந்து வந்து சேர்ந்திருப்பார்கள், அவ்வளவு அவகாசம் இருந்தது. ஆனால் உப்பளத்துக்காரர்களின் கால் வேறு மாதிரி. மழை என்று ஒரு சத்தம் கேட்டால் அது யாரையும் கேட்காமல் அம்பாரத்தை நோக்கி ஓடும். ஒரு மழை போதும், மூன்று மாத உழைப்பு தண்ணீராகப் போய்விடும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய ஓட்டம் அது. சூர்யகலாவும் ஓடினாள். தென்னங்கீற்றுக் கட்டை இழுத்துப் பிரித்து அம்பாரத்தின் மேல் போட்டு, கயிறு கட்டி, கயிற்று நுனியில் கல் வைத்து, அடுத்த அம்பாரத்துக்கு ஓடினாள். நான்கு அம்பாரம் மூடினாள். நான்காவதற்குக் கல் தேடிக் குனிந்தபோது ஒரு பெரிய சொட்டு அவள் புறங்கழுத்தில் விழுந்தது. அப்போதுதான் நிமிர்ந்து மேற்கே பார்த்தாள். அங்கே வெறும் பாத்திகள் இருந்தன, அவற்றில் மழை பெய்துகொண்டிருந்தது.

எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில்தான் நிமிர்ந்தார்கள் என்கிறார்கள். ஓடினார்கள். வீடு இருந்த இடத்தில் கால்சுவடு கூட இல்லை. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தேவநாதன் குடையோடு வந்து சுற்றிப் பார்த்து, ஒரு மூட்டை கூட நனையவில்லை என்று எல்லோரையும் பாராட்டினார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரிந்தபிறகு அவர் குடையை மடக்கிவிட்டு மழையில் நின்றார்.

மழை விட்டது, மேகம் விடவில்லை. வங்கக் கடலில் ஏதோ சுழன்றுகொண்டே இருந்தது. ஒன்பது நாள் வெயில் இல்லை. போலீஸ் வந்து, காணாமல் போன இடத்தின் முகவரியைக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ள முடியாமல் டீ குடித்துவிட்டுப் போனது. எக்கியார்குப்பத்திலிருந்து மீன்பிடிக்கிறவர்கள் வந்து, கடலில் தொலைந்தவர்களைத் தேடுவதுபோல் பாத்திகளில் கோல் ஊன்றித் தேடினார்கள். முழங்கால் ஆழம்கூட இல்லாத இடம் அது. பெண்கள் வரப்பிலேயே இருந்தார்கள். மெஹரூன்னிசா மருந்துக்கடைச் சாவியை முதலாளிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரபு மூன்றாம் நாள் வந்தான். அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாத்தியைப் பார்த்தான்.

"எவ்ளோ நேரம் கழிச்சி ஞாபகம் வந்துது?" என்றான்.

"நாலு அம்பாரம் மூடினப்புறம்."

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சூர்யகலா நினைத்தாள். பிள்ளை போனதைவிட அவளை அரித்தது வேறொன்று. அந்த வீட்டில் ஒரு சூர்யகலா இருக்கிறாள். அவளுக்கு உப்பு இல்லை, மழை இல்லை, ஓட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. பிள்ளைக்கு அவளே போதும் என்று ஆகிவிட்டால்? வெயில் திரும்பினாலும், கூப்பிட்டாலும், அது எதற்காகத் திரும்பி வர வேண்டும்? அந்த ஒன்பது நாளும் அவள் சாமி கும்பிடவில்லை, யாரைக் கும்பிட்டாலும் நாலு அம்பாரத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று பயந்தாள்.

பத்தாம் நாள் வெயில் அடித்தது. ஒன்பது மணிக்கே ஊர் வரப்பில் திரண்டுவிட்டது. பாத்திகளில் நின்ற மழைத் தண்ணீர் சுண்ட வேண்டியிருந்ததால் நேரம் ஆனது. பதினொன்றரைக்குத் தரை நடுங்க ஆரம்பித்தது, பிறகு பச்சைச் சுவர் தெரிந்தது, பிறகு ஜன்னல். தாய்மார்கள் பெயர் சொல்லிக் கத்தினார்கள். கதவு திறந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள், அன்றாடம் நாலரைக்கு வருவது போலத்தான். ஃபாரிஸ் முதலில். பத்துப் பேர் வந்துவிட்டார்கள். சத்யப்ரியாவைக் காணவில்லை. சூர்யகலா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தை கடைசியாக வந்தது. மெதுவாக, இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தது. உடை நனையவில்லை. தலையை நாலுகால் பின்னலாகப் பின்னி, நுனிவரை ஒரு முடி பிசகாமல் கட்டியிருந்தது. சூர்யகலாவுக்கு நாலுகால் பின்னல் தெரியும், கல்யாணத்துக்கு முன் பின்னியிருக்கிறாள். மகளுக்கு ஒரு நாளும் பின்னியதில்லை, அதற்கு அரை மணி நேரம் வேண்டும்.

"மழ வந்துச்சே, பயந்துட்டியாடி?"

"அங்க மழ வர்லம்மா. ஜன்னல்ல நின்னு பாத்துக்கினு இருந்தோம். நீ உப்பு மேல கீத்து போட்டுக்கினு இருந்த."

சூர்யகலா அந்தப் பின்னலின் நுனியைக் கையில் பிடித்தாள்.

"நான் கூப்பிடட்டுமான்னு கேட்டேன்" என்றது குழந்தை. "நீதான் வாணாம்னு சொன்ன. அம்மா வேலையா இருக்கறாங்க, முடிச்சிட்டு வரட்டும்னு சொன்ன."

சூர்யகலா குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பது நாளில் அழாத அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது. தன்னை மன்னிக்க இந்த உலகத்தில் யாராவது இருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அது அவளாகவே இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

ஒன்றிரண்டு நாள் ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். இனிமேல் அந்தப் பக்கம் பிள்ளையை விடுவதில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வேறு எங்கே விடுவது என்று கேட்டபோது அவரவர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. மழையில் கரைந்த பாத்திகளைத் திரும்ப மிதித்துச் சரிசெய்ய தேவநாதன் ஆள் கூப்பிட்டார். கடைசியில், வானம் பார்க்க ஒருத்தி முறை வைத்து வரப்பில் உட்கார வேண்டும், அவளுக்கு அம்பாரம் மூடும் வேலை கிடையாது, அவள் கூலியும் குறையக் கூடாது என்று பெண்கள் கேட்டு வாங்கினார்கள். இந்த வருடமும் அப்படித்தான் நடக்கிறது.

பிள்ளைகள் திரும்பி வந்த நான்காம் நாள் காலை சூர்யகலா மகளைக் கூட்டிக்கொண்டு வரப்புக்குப் போனாள். சத்யப்ரியா பையைக் குலுக்கிக்கொண்டு ஓடிவிட்டது. வழக்கமாக அப்போதே திரும்பிவிடுபவள் அன்று நின்றாள். தூரத்தில் கதவு திறந்தது. நடுங்கும் வெளிச்சத்தில் ஒருத்தி வெளியே வந்து, குனிந்து, குழந்தையின் தோளிலிருந்து பையை வாங்கினாள். புடவையை இவளைப் போலவே இடது பக்கம் சொருகியிருந்தாள். உடம்பு மட்டும் கறுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து வரப்பைப் பார்த்தாள். இரண்டு பேரும் கையசைக்கவில்லை. சூர்யகலாவுக்குப் பொறாமையாக இருந்தது. வயிற்றில் பால் வார்த்த மாதிரியும் இருந்தது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது, கூடை காத்திருந்தது.

"மாம்பழம் கேட்டா குடுத்துடாத" என்றாள் சூர்யகலா, பக்கத்து வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும்போது சொல்லும் குரலில். "ஒடம்புல கட்டி வந்துடும்."

அவ்வளவு தூரத்தில் அது கேட்டிருக்காது. ஆனாலும் அங்கே நின்றவள் தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாததா.