விரல் விழுந்த படம்

ஆவணக் காப்பகத்தில் அதற்கு வைத்த பெயரே ‘விரல் படம்’. ஜன்னலோரம் ஒரு பெண் துண்டால் தலை துவட்டியபடி வாய்விட்டுச் சிரிக்கிறாள். எடுத்த புண்ணியவானின் விரலும் மூலையில் மங்கலாக விழுந்திருக்கிறது. பின்பக்கம் தேதி உண்டு, பெயர் இல்லை. அந்த விரலை யாராவது கிண்டல் செய்தால் போதும், பழைய படங்களை ஸ்கேன் செய்யும் அக்காவுக்குப் பொல்லாத கோபம் வரும். “உன் கல்யாணத்துல உன் தலையவே விட்டுட்டு எடுத்தானே, அதுக்கு இது தேவலை” என்று வெடுக்கென்று சொல்லிவிடுவாள்.

எடுத்தவர் தெரியாத படங்களுக்கு அங்கே ஒரு வழக்கம். பதிப்புரிமைக் காலம் முடியும்வரை ஆண்டுதோறும் படத்தைச் செய்தித்தாளில் சின்னதாகப் போட்டு, ‘எடுத்தவரோ வாரிசோ இந்த முகவரிக்கு வரவும்’ என்று விளம்பரம் கொடுப்பார்கள். மற்றவற்றை ஏனோதானோவென்று அனுப்புகிற அக்கா, விரல் படத்துக்கு மட்டும் செய்தித்தாள்காரர்களுக்குப் போன் போட்டு, “போன தடவை மூஞ்சியே தெரியலைங்க” என்று அவர்கள் உயிரை வாங்குவாள்.

அன்று காலை, வயதில் சின்னவரான மேலாளர் தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

“ஒரு தொல்லை விட்டுச்சுக்கா. விரல் படம் எடுத்து அறுபது வருஷம் ஆயிடுச்சு, உரிமை முடிஞ்சுது. இனி எல்லாருக்கும் பொது. யாரையும் தேட வேணாம்.”

அக்கா ஸ்கேன் செய்வதை நிறுத்தினாள். “அப்போ விளம்பரம்?”

“அது எதுக்கு இனிமே? ஒரு காலண்டர்காரர் படத்தைக் கேட்டிருக்காரு. விரலை வெட்டிட்டுப் போட்டுக்குவாராம்.”

“வெட்டக் கூடாது சார்.”

“பொதுச் சொத்துக்கா! வெட்டலாம், ஒட்டலாம், மீசைகூட வரையலாம்.” அவர் சிரித்தார்.

“அது எங்கப்பா விரல்.”

கோப்பை பாதி வழியில் நின்றுவிட்டது.

“சிரிக்கிறது எங்கம்மா. இதை எடுத்த வருஷம்தான் அப்பா வீட்டை விட்டுப் போனாரு. சொல்லாம கொள்ளாம. நான்தான் இதைப் பேர் போடாம இங்க சேர்த்துவிட்டேன்.”

“அட என்னக்கா நீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உரிமையை அன்னிக்கே உங்க பேருக்கு மாத்தியிருப்போமே?”

“மாத்திட்டு விளம்பரத்தை நிறுத்தியிருப்பீங்க. நாங்க பழைய வீட்டைக் காலி பண்ணிட்டோம் சார். அவர் திரும்பி வந்தா எங்க வருவாரு? இந்த முகவரியாவது அவர் கண்ணுல படட்டுமேன்னுதான்.”

எண்பது தாண்டியிருக்க வேண்டிய மனிதர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க மேலாளருக்கு வாய் வரவில்லை. அவளும் அதைத் தன்னிடமே ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள். எடுத்தவர் என்ற இடத்தில் இருந்த ‘தெரியவில்லை’யை அழித்து ‘அப்பா’ என்று அடித்தாள். சட்டப்படி அது செல்லாது. மேலாளர் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார்.

“விரலோடயே போடச் சொல்றேன்கா” என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

“அந்தக் காலண்டர் எந்தெந்த ஊருக்கெல்லாம் போகும் சார்?”