எழுநூற்று நாற்பத்திரண்டு ஹாரன்

1969 மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், விருதுநகர் ஆலயத்தில் ஆராதனையின் நடுவே ரயில் ஹாரன் அலறியது. சபையார் ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தார்கள். வண்டி எதுவும் வரவில்லை. சத்தம் மூன்றாவது பெஞ்சில் இருந்த யோபுவின் நெஞ்சிலிருந்து வந்தது. அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. போதகர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

யோபு, ரயில் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் டீசல் ஷெட்டில் கலாசி, அதாவது எடுபிடித் தொழிலாளி. எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். புகை வெளியேறக் கூரையில் ஒரு பொந்துதான். அவரும் இன்னொரு கலாசியான கண்ணுச்சாமியும் ஒருநாள் ஷெட்டுக்குள், மறுநாள் வெளியே என்று மூன்று ஆண்டுகளாக முறை மாற்றி நின்றார்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் யோபுவின் முறைக்குக் கண்ணுச்சாமி உள்ளே போவார். காட்டில் கம்பு விதைப்பு, பருத்திக் களை, அறுவடை, பங்குனிப் பொங்கல், தீபாவளி என்றால் கண்ணுச்சாமியின் முறைக்கு யோபு போவார். உள்ளே போகிறவரே மற்றவர் பெயரில் கையெழுத்துப் போட்டுவிடுவார். யாருக்கு நாள் அதிகம் என்று இருவரும் ஒருபோதும் பார்த்ததில்லை.

யோபு இருமினால் ஹாரன் தொடங்கும். ஷெட்டில் நின்ற நாளுக்கு ஒன்று வீதம் ஒலித்து ஓயும். இதை எண்ணிக் கண்டுபிடித்தவர் நர்ஸ் வேலை பார்த்த அவர் மனைவி ஞானஜோதி. இன்னொரு மழைக்காலம் ஷெட்டில் நின்றால் நெஞ்சு தாங்காது என்பதையும் அவரே சொன்னார். ஊர் இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. கேட் கீப்பர் மொக்கைச்சாமி மட்டும் மூன்று முறை ஏமாந்து கேட்டை மூடிவிட்டு, "அண்ணே, இருமுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? பட்டாசு லோடு லாரிக்காரன் எல்லாம் என்னைய வையுறான்" என்று வீடு தேடி வந்தார்.

சித்திரையில் மேலிடத்திலிருந்து ஜெயச்சந்திரன் என்ற அதிகாரி வந்தார். யார் எவ்வளவு புகை குடித்தார் என்று மதிப்பிட்டு, அதிகம் குடித்த ஒருவரைச் சாத்தூர்ப் பக்கத்தில் புகையில்லாத கேட் வேலைக்கு மாற்றுவது அவர் பணி. வருகைப் பதிவேட்டில் கண்ணுச்சாமிக்கு ஐந்நூற்றிருபது நாள். ஞாயிறு விடுப்பு போக யோபுவுக்கு நானூற்றுப் பத்து. கண்ணுச்சாமி பெயருக்கு அதிகாரி மாற்றல் உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்போது யோபு இருமினார். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு, கோடு கிழித்து எண்ணினார். எழுநூற்று நாற்பத்திரண்டு. கண்ணுச்சாமியையும் இருமச் சொன்னார். அவர் நெஞ்சிலிருந்தும் ஹாரன் கிளம்பி, நூற்றெண்பத்தெட்டோடு நின்றுவிட்டது. கூட்டிப் பார்த்தார், பதிவேட்டின் தொள்ளாயிரத்து முப்பது பிசகாமல் வந்தது.

"மொத்தம் சரியா இருக்கு. ஆளுக்கு ஆள் ஏன் மாறுது?"

ஆள்மாறாட்டம் என்று தெரிந்தால் இருவருக்குமே வேலை போய்விடும். மருந்து கொண்டுவந்திருந்த ஞானஜோதி ஆபீஸ் வாசற்படியில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிஜிஸ்டர்தான் சரி, சார். எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே சளி" என்றார் யோபு.

கண்ணுச்சாமி உத்தரவுத் தாளை மடித்து அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

"ஏலே, நெஞ்சே இம்புட்டு ஊதியாச்சு, இன்னும் என்னத்தலே மறைக்க? அய்யா, ரிஜிஸ்டர்ல இருக்கது என் பேருதான்; நான் காட்டுல களை பறிச்ச நாளெல்லாம் அந்தப் பேருல உள்ள நின்னு புகை குடிச்சது இவன்."