சேவல் போட்ட கவர்

சொர்ணவல்லியின் படத்திறப்புக்கு நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். ஐந்து மணிக்கெல்லாம் அத்தனையும் நிறைந்துவிட்டன. பிந்தி வந்தவர்கள் சமுதாயக்கூடத்துச் சுவரோரம் நின்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்த இளமதிக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர்க் கேனுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

அவள் மேடையேறிப் பேச வேண்டும். சொர்ணத்தின் அண்ணன் எழிலரசன் கேட்காமலே நோட்டீசில் பெயரைப் போட்டுவிட்டார். 'நினைவுரை: செல்வி இளமதி, பி.எஸ்சி. வேதியியல்.' கையில் மடித்து வைத்திருந்த தாளின் ஓரம் வியர்வையில் நைந்துபோயிருந்தது. பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போதே அவள் குரல் வாத்தியார் மேசைவரை எட்டாது. பக்கத்திலிருந்து சொர்ணம்தான், "இருக்கா சார், உசுரோடதான் இருக்கா" என்று கத்துவாள். பன்னிரண்டாவது வரைக்கும் அப்படியே ஓட்டிவிட்டாள்.

தாளில் அதை எழுதவில்லை. கவர்களைப் பற்றி எழுதியிருந்தாள்.

அரிமளம் கடைத்தெருவில் அண்ணனும் தங்கையும் மருந்துக் கடை வைத்திருந்தார்கள். பார்மசி படித்தவள் சொர்ணம். படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் மாத்திரைக் கவரின்மேல் எழுத மாட்டாள், படம் போடுவாள். பேனாவால் நாலு இழுப்பு இழுத்தால் ஒரு மாடு நிற்கும், ஒரு அடுப்பு எரியும். கசப்பு மருந்தை மூச்சுவிடாமல் குடித்த பிள்ளைகளின் பெயரைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவாள். அங்கே பெயர் வர வேண்டும் என்பதற்காகவே காய்ச்சல் வந்ததாகப் பொய் சொன்ன பிள்ளைகளும் உண்டு. போன மாதம் அவளுக்கே டெங்கு வந்தது. ஐந்தே நாள். முப்பது வயதுகூட முடியவில்லை.

அவள் இடத்துக்கு ரகுநாத் வந்தான். வேலை தெரிந்தவன், ஆனால் அவன் போட்ட மாடு நாய் போலிருந்தது. அப்போதுதான் இளமதிக்கு அந்த யோசனை வந்தது. சொர்ணத்தின் பழைய கவர்களில் கிடைத்த மூன்று படங்களைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கி வந்தாள். சேவல் காலைக்கு, சூரியன் மத்தியானத்துக்கு, நிலா ராத்திரிக்கு. கடைக்கு வருகிற எல்லாருடைய கையிலும் தோழியின் கோடு தொடர்ந்து போய்க்கொண்டிருக்கட்டும் என்று ஆசைப்பட்டாள். வெள்ளிக்கிழமை முதல் ஸ்டாம்பு குத்த ஆரம்பித்தார்கள். இன்று ஞாயிறு.

தண்ணீர்க் கேன் பக்கம் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டிராக்டர் ஓட்டுகிற அய்யாக்கண்ணு. இன்னொருத்தி செங்கணாப்பட்டியிலிருந்து வேனில் வந்திருந்த பொற்கொடி.

"எனக்கு டிராக்டர்தான் போட்டுக் குடுக்கும் அந்தப் புள்ள" என்றார் அய்யாக்கண்ணு. "வண்டிய நிப்பாட்டிட்டு எறங்குனா ஒண்ணு. இப்ப நிலாவாம். பத்து நாளா ராத்திரியானா மேகமா கெடக்கு, நெலாவையே காணோம். நான் எப்பப் போடுறது?"

"அமாவாசைக்கு வெரதம் இருங்க மாமா."

"அடி போடி."

"எங்க ராசாத்தி அக்காவுக்குச் சேவல் குத்திக் குடுத்திருக்காக. அது ஒண்ணுதான் அதுக்குப் புரிஞ்ச படம்."

"அதுவும் வந்திருக்கா?"

"எங்கிட்டு வர? ரெண்டு நாளா விடியக்காலையில தெப்பமா வேர்த்துக் கை நடுங்குதாம். சுகர் ஏறிருச்சுன்னு மத்தியானத்துலேருந்து பட்டினி கெடக்கு. இன்னைக்கு மாத்திரைய ரெண்டாப் போடப்போறேன்னுச்சு."

இளமதியின் கால்கள் நின்றுவிட்டன. முன்பின் பழகாதவர்களிடம் அவளாகப் பேச்சுக் கொடுத்ததே இல்லை.

"அக்கா, அவங்க வீட்டுல... சேவல்னா எப்பங்க?"

பொற்கொடி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எப்பன்னா? கோழி அடைக்கிறப்பத்தான். பொழுது சாயப் பஞ்சாரத்தப் போட்டு மூடிட்டு மாத்திரைய வாயில போடும். பஞ்சாரத்துக்குள்ள சேவல் நிக்கிற மாதிரியில்ல சொர்ணம் போட்டுக் குடுக்கும்."

"காலைக்கு?"

"காலைக்கு டவுன் பஸ்ஸு. பூ மூட்டைய ஏத்திவிட்டுட்டு வந்து போடும்."

இளமதிக்கு இப்போது புரிந்தது. காலையில் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரைக்குத்தான் சேவல் குத்தியிருக்கிறார்கள். அதை அந்தம்மா இரண்டு நாளாகப் பொழுதுசாயப் போட்டுவிட்டு, அரை வயிற்றோடு படுத்திருக்கிறார். வேர்த்தது சர்க்கரை ஏறியதால் இல்லை, இறங்கியதால். இன்றைக்கு வெறும் வயிற்றில் இரண்டு.

கடையின் பின்பக்க ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் சொர்ணம் விசாரிப்பதை எத்தனையோ சாயங்காலம் கேட்டிருக்கிறாள். "ஒங்க வீட்டுல பொழுது விடிஞ்சா மொத வேலை என்னங்க? சாயங்காலம் யாரு மாட்டைக் கட்டுறது?" சொர்ணம் ஊர்க்கதை அளக்கிறாள் என்றே இளமதி நினைத்திருந்தாள். சீக்கிரம் முடிடி, பஸ் போயிரும் என்று சைகை காட்டியிருக்கிறாள்.

"அவங்களுக்குப் போன் போடுங்கக்கா."

"அந்தப் போனு செத்துப்போய் மூணு நாளாச்சு. சார்ஜ் போட மறந்துரும்."

"பக்கத்து வீட்டுல?"

"பக்கத்து வீடு நாந்தான். தெருவே வேன்ல ஏறி இங்கிட்டு வந்திருச்சு."

மணி ஐந்தே முக்கால். ரகுநாத் கடைசி வரிசையில் இருந்தான். அவனிடம் சொல்லிமுடிப்பதற்குள் இளமதிக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது. அவன் எழுந்துவிட்டான். "கடையில சுகர் பாக்குற மிஷின் இருக்குங்க. குளுக்கோஸும் இருக்கு. சாவி எழிலண்ணன்கிட்ட."

எழிலரசன் மேடையில் இருந்தார். இளமதி படியேறியதுமே மைக்கில் இருந்தவர், "இதோ, நமது சொர்ணவல்லியின் உயிர்த் தோழி" என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் அடங்கியது. அவள் எழிலரசன் காதோரம் குனிந்தாள். மைக் அவள் கைக்கே வந்திருந்தது.

"அண்ணே, கடைச் சாவி வேணும்ண்ணே."

கூடம் முழுக்க அது கேட்டது. யாரோ சிரித்தார்கள். எழிலரசன் ஒன்றும் புரியாமல் சட்டைப் பையைத் துழாவினார். இளமதி கூட்டத்தைப் பார்க்கவில்லை. எதிரே தொங்கிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து கவர் வாங்கினவங்க, தயவுசெஞ்சு இன்னைக்கு மாத்திரை போடாதீங்க. கடைக்கு வந்து கேட்டுட்டுப் போடுங்க. படம் தப்பு. அது சொர்ணம் தப்பு இல்ல. நான் செஞ்சது."

சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அவள் எழுதி வைத்திருந்த தாள் நாற்காலிக்கடியில் எங்கேயோ விழுந்து கிடந்தது.

கடையைத் திறந்து மிஷினையும் குளுக்கோஸையும் எடுத்துக்கொண்டு, ரகுநாத்தின் பைக்கில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். இதுவரை சொர்ணத்தின் ஸ்கூட்டியைத் தவிர வேறெதிலும் அப்படி உட்கார்ந்ததில்லை. ஊர் பார்க்கும் என்ற நினைப்பு கடைத்தெரு முக்கில் வந்தது. கண்மாய்க் கரை ஏறியபோது அதுவும் போய்விட்டது. தைலமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, காலைக்குச் சேவல்னு சொன்னது நீங்கதாங்க" என்றான் ரகுநாத், காற்றில் கத்தி.

"ஆமா."

"நான் வாயாலயும் சொன்னேங்க. காலையில போடுங்கன்னு. அந்தம்மா கவரையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"ஆமா."

"எல்லாத்துக்கும் ஆமான்னா நான் யாரோட சண்ட போடுறது?"

சாலையோரத்து வீடுகளில் கோழிகள் இன்னும் மேய்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு வீட்டில் மேய்ந்தன. அடுத்த வீட்டில் ஒருத்தி 'பே, பே' என்று விரட்டி அடைத்துக்கொண்டிருந்தாள். இளமதி ரகுநாத்தின் தோளைத் தட்டினாள். "வேகமாப் போங்க."

செங்கணாப்பட்டியில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தது. ராசாத்தியின் வாசலில் மூங்கில் பஞ்சாரம் கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒரு கல். உள்ளே கோழிகள் இடித்துக்கொண்டு கொக்கரித்தன. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் ராசாத்தி உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய, ஒடிசலான உடம்பு.

"ஆத்தா, மாத்திரை போட்டுட்டீங்களா?"

"யாரு நீங்க?"

"போட்டுட்டீங்களா?"

"இப்பத்தான். ரெண்டு."

ரகுநாத் விரலில் ஊசி குத்திப் பார்த்தான். எழுபத்திரண்டு. இளமதியிடம் குரலைத் தாழ்த்தினான். "இப்பவே கம்மிங்க. மாத்திரை இன்னும் வேலை செய்யவே ஆரம்பிக்கலைங்க. விடிய விடிய எறங்கும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிறணும்." தள்ளிப்போய் 108-க்குப் போன் போட்டான்.

இளமதி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து நீட்டினாள். ராசாத்தி வாயைத் திருப்பிக்கொண்டார்.

"சீனித் தண்ணியா? சுகர்காரிக்கு? கொல்ல வந்தீகளா?"

"இல்ல ஆத்தா. ஒங்களுக்குச் சர்க்கரை எறங்குது."

"சொர்ணம் சொல்லியிருக்கு, இனிப்பத் தொடக் கூடாதுன்னு. அது சொன்னாத்தான் நான் குடிப்பேன்."

அவர் மேலுதட்டில் வியர்வை துளிர்க்க ஆரம்பித்திருந்தது. கை லேசாக ஆடியது. சொர்ணம் இருந்திருந்தால் ஒரு கேலி, ஒரு அதட்டலில் குடிக்க வைத்திருப்பாள். இளமதிக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்ததெல்லாம் நடந்ததைச் சொல்வது ஒன்றுதான்.

"சேவல் குத்துனது நான் ஆத்தா. சொர்ணம் ஒங்க வீட்டக் கேட்டுப் போட்டா. நான் கேக்கல. எல்லாருக்கும் சேவல்னா விடியறதுன்னு நெனச்சுட்டேன். காலையில போடுற மாத்திரைய நீங்க சாயங்காலம் போடுறீங்க. குடிக்கலைன்னா மயக்கமாயிருவீங்க. செத்துக்கூடப் போயிருவீங்க. வந்து சொல்ல இப்பச் சொர்ணம் இல்ல. நாந்தான் சொல்றேன்."

ராசாத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புள்ள போயி ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள அது போட்ட படத்த மாத்திட்டீகளா?"

"ஆமா."

"எவளாச்சும் விடியலுக்குச் சேவலப் போடுவாளா? கூவுறதுக்குள்ள நான் பாதிப் பூப் பறிச்சுருவேன்."

"தெரியல ஆத்தா. குடிங்க."

திட்டிக்கொண்டே குடித்தார். இன்னொரு டம்ளரும் குடித்தார். அடுப்படியில் இருந்த சோற்றை இளமதி தயிர் ஊற்றிப் பிசைந்து கொடுக்க, பாதி சாப்பிட்டார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் திட்டு ஓயவில்லை. ஏறும்போது, கோழிக்கு யார் பொறுப்பு என்று ரகுநாத்தின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "வேன் திரும்புற வரைக்கும் நான் இங்கனயே இருக்கேங்க, போங்க" என்று அவன் பஞ்சாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

இளமதி கூடவே போனாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரை மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்தார் நர்ஸ். ஐம்பத்தெட்டு. அறுபத்தைந்து. எட்டு மணிக்கு நூற்றுப் பத்து. காலை வரை கண்காணிக்க வேண்டும், ஆனால் பயமில்லை என்றார் டாக்டர்.

எழிலரசன் போன் செய்தார். புதுக் கவர் வாங்கிய முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் கூடத்திலேயே இருந்தார்களாம். ராசாத்தி போக மீதி மூன்று பேருக்கும் ஆள் அனுப்பியாயிற்றாம். எல்லாரும் இப்போது கடை வாசலில் வரிசையாக நிற்கிறார்களாம். அவர் குரலில் கோபம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

போனை வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். குளுக்கோஸ் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுகையை அடக்க முடியவில்லை. சத்தம் வராமல் தோள்கள் மட்டும் குலுங்கின.

ராசாத்தி கண்ணைத் திறந்தார்.

"எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னுட்டாகல்ல?"

"ஒங்களுக்காக இல்ல ஆத்தா."

"தெரியும்." ஊசி ஏறாத கையால் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அழுவுறதுன்னா நல்லா அழு. அதுக்கு முந்தி வெளிய போயி எனக்கு இட்லி வாங்கிட்டு வா. பசிக்குது."

இளமதி எழுந்து துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"எத்தனை ஆத்தா?"

"நாலு. சாம்பார் வேணாம், சட்னி போதும். ஒனக்கும் ரெண்டு வாங்கு."