பஸ் பார்க்க வந்தவர்கள்

தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் பாலாற்றில் கவிழ்ந்த பஸ்ஸைப் பார்க்க, பண்டிகை கழிந்த மறுநாளிலிருந்தே செவிலிமேட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் சுற்றுவட்டாரத்துக்காரர்கள். அப்புறம் காஞ்சிபுரத்துக் கடைத்தெருவிலிருந்து சைக்கிளில் வந்த பையன்கள். அதற்கும் அப்புறம் முசரவாக்கம், வாலாஜாபாத் பக்கமிருந்து வண்டி கட்டிக்கொண்டு, புளிச்சோறு மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வரதராஜர் கோயிலுக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்கள்கூட, கும்பிட்ட கையோடு ஜட்கா பிடித்து வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள்.

வெள்ளம் வடிந்த மணலில் பஸ் ஒருக்களித்துக் கிடந்தது. ஜன்னல் மட்டத்துக்கு மணல் ஏறியிருந்தது. பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் பட்டும் நகையுமாக வாங்கிப் போனார்கள் என்று யாரோ சொல்லப்போக, நாலைந்து பேர் சல்லடையை எடுத்து வந்து மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள்.

சாலை ஆற்றுக்குள் இறங்கும் இடத்தில் ஒரே ஒரு டீக்கடை. அது லோகாம்பாளின் புருஷன் அர்ஜுனனுடையது. பின்னாலேயே ஒட்டினாற்போல அவர்கள் குடிசை.

அவர்கள் பர்மாவிலிருந்து வந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. அர்ஜுனனின் அப்பா முசரவாக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். அர்ஜுனன் பிறந்தது, வளர்ந்தது, அரிசி மில்லில் வேலை பார்த்தது எல்லாம் அங்கே பெகு என்ற ஊரில். மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு அங்கே இவர்களுக்கு வேலையில்லை, கப்பல் ஏறச் சொன்னார்கள். கழுத்தில் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினாள் லோகாம்பாள். நாலு வயசு மகள் விஜயாவுக்குக் கப்பலில் வயிற்றுப்போக்கு கண்டது. மெட்ராஸ் வந்து சேரும் வரை குழந்தை தாங்கவில்லை. கித்தான் துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். இது எந்த இடம் என்று லோகாம்பாள் ஒரு கப்பல்காரனிடம் கேட்டாள். இடத்துக்கெல்லாம் இங்கே பேர் கிடையாதும்மா, எல்லாம் தண்ணிதான் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான்.

அப்பாவின் ஊராயிற்றே என்று முசரவாக்கத்துக்குப் போனார்கள். பெரியப்பா மகன் முனிரத்தினம் வாசலில் நிற்க வைத்தே பேசினான். நிலமெல்லாம் எப்பவோ பாகம் பிரிந்தாயிற்று, வேண்டுமானால் மணியக்காரரிடம் சொல்லி ஆற்றங்கரைப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்றான். அதைச் செய்யவும் செய்தான். அதோடு சரி. செவிலிமேட்டில் அவர்களுக்குப் பேரே பர்மாக்காரன் வீடு என்றாகிவிட்டது. டீ குடிக்க வருகிறவர்களும் இவர்களுடைய பர்மாத் தமிழைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். பாதி நாள் காய்ச்சிய பால் மிஞ்சிப்போகும்.

பஸ் கவிழ்ந்த அன்றைக்கு அர்ஜுனன் நடந்துகொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தரைப்பாலத்தின்மேல் முழங்கால் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கி முன்னால் நடந்து பார்த்துவிட்டு வரச்சொல்லிக் கையசைத்தார். பஸ் பாதி தூரம் போனபோது மேற்கிலிருந்து வெள்ளம் ஒரே சுவராக வந்தது. அர்ஜுனன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூன்று பேரை உயிரோடு கொண்டுவந்து போட்டான். நாலாவதாகக் கொண்டுவந்த பெரியவருக்கு உயிரில்லை. கரையில் உட்கார்ந்து பொழுது விடியும் வரை அழுதான். தீபாவளியன்று அந்தக் கரையில் யாரும் அடுப்பு மூட்டவில்லை.

ஆனால் கூட்டம் வரத் தொடங்கியதும் மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக மாறினான். ஆரம்பத்தில் யாராவது கேட்டால், இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டுக் கிளாஸ் கழுவப் போய்விடுவான். கேட்கிறவர்கள் பெருகப் பெருக, பேச்சு நீண்டது. தண்ணீர் எப்படி வந்தது, எந்த ஜன்னலில் எந்தக் கை தெரிந்தது, யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று விவரம் சேர்ந்தது. கேட்டு முடிக்கும்போது ஒவ்வொருவரும் இரண்டு டீ குடித்திருப்பார்கள். அதுவரை இவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது அண்ணே என்று கூப்பிட்டார்கள். லோகாம்பாள் பின்னால் மசால் வடை சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தப் பேச்சு காதில் விழுவது பிடிக்கவில்லை. ஆனாலும் வடை தீரத் தீர மாவு அரைத்தாள். வந்த நாளிலிருந்து பட்டினியை மறைத்து மறைத்து நடத்திய குடித்தனம் அது.

அங்கம்மாள் வந்தது அந்தச் சமயத்தில்தான். வந்தவாசி போகிற வழியில் ஏதோ கிராமம். புருஷன் இல்லை. ஒரே மகள் கஸ்தூரி. பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டில் தங்கிப் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தவள், பண்டிகைக்கு அம்மாவிடம் வரப் பஸ் ஏறியிருந்தாள். மற்ற உடல்கள் எல்லாம் கிடைத்துவிட்டன. கஸ்தூரியுடையது மட்டும் கிடைக்கவில்லை. அங்கம்மாள் வந்து கரையிலிருந்த புங்கமரத்தடியில் உட்கார்ந்தாள். அழவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது போனதும் அங்கேயே படுத்தாள்.

லோகாம்பாள் ஒரு கிளாஸ் டீயைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அன்றைக்கு அவளைப் பார்த்தபோது லோகாம்பாளுக்கு இரக்கம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இவளுக்கு உட்கார்ந்து பார்க்க ஒரு கரையாவது இருக்கிறதே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு அவளுக்கே அது என்னவோபோல் ஆகிவிட்டது. அன்று ராத்திரி போய் அங்கம்மாளை எழுப்பிக் குடிசைக்குள் கூட்டிவந்து படுக்க வைத்தாள்.

அங்கம்மாளின் அண்ணன் துரைக்கண்ணு இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாளே தவிர, நகரவில்லை. ஆடு மாடு பார்க்க ஆளில்லாமல் கிடக்கிறது என்று புலம்பிவிட்டு அவர் திரும்பிப் போனார்.

பஸ் பார்க்க வந்தவர்கள் இப்போது அங்கம்மாளையும் பார்த்தார்கள். அதோ அந்தப் பொம்பளைதான் என்று பிள்ளைகளுக்குக் கை நீட்டிக் காட்டினார்கள். சில பெண்கள் எதிரே உட்கார்ந்து அவளுக்காக அழுதுவிட்டு, எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு வடை வாங்க வந்தார்கள். காமிராவோடு வந்த ஒருவர், முகத்தை இப்படித் திருப்பும்மா என்றார். அவள் திருப்பினாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

வெயில் ஏறியதும் லோகாம்பாள் அவளை உள்ளே கூட்டிவந்து தட்டியைச் சாத்திவிடுவாள். பக்கத்தில் உட்கார்ந்து மாவு அரைத்துக்கொண்டே ஏதாவது பேசுவாள். பேசிப் பேசி ஒருநாள் விஜயாவைப் பற்றிச் சொன்னாள். கப்பலை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பேரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அர்ஜுனனிடம்கூடச் சொன்னதில்லை, அவனும் சொன்னதில்லை. அங்கம்மாள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், “எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பா?” என்று கேட்டாள். லோகாம்பாள் சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் இரண்டு பேரும் அப்படித்தான், ஒருத்தி பெண்ணைப் பற்றி மற்றொருத்தி கேட்பதும் சொல்வதுமாக இருந்தார்கள்.

தீபாவளி கழிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்துதான் வந்தது. வந்த ஒரு குடும்பம், “அந்தம்மா இல்லியா இன்னிக்கி?” என்று விசாரித்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் வண்டியில் ஏறியது. அர்ஜுனன் தட்டிக்கு இந்தப் பக்கம் வந்து லோகாம்பாளைக் கூப்பிட்டு, அந்தம்மாவைச் சித்த நேரம் மரத்தடியில் உட்காரச் சொல்லேன், காத்தாட இருக்குமே என்றான். லோகாம்பாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

துரைக்கண்ணு வந்தது அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து. வேர்க்க விறுவிறுக்க வந்து கடை வாசலில் நின்று, தங்கச்சி எங்கே என்று கேட்டார். உள்ளே மூன்று முழத் தூரத்தில் அங்கம்மாளும் லோகாம்பாளும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓலைத் தட்டிதான்.

“காலையிலயே பஸ் ஏறிப் போய்ட்டாங்களே. ஊருக்குத்தான் போறேன்னாங்க” என்றான் அர்ஜுனன்.

லோகாம்பாளின் கை குழவியிலேயே நின்றுவிட்டது. எழுந்து தட்டியை விலக்கினால் போதும். அவள் எழுந்திருக்கவில்லை. இவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், நாளைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்து விஜயாவைப் பற்றிப் பேசுவது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அங்கம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். அங்கம்மாள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள்போல என்று லோகாம்பாள் நினைத்துக்கொண்டாள். வெளியே துரைக்கண்ணு செருப்பு தேய ஓடிப்போகிற சத்தம் கேட்டது.

அவர் மறுபடி வந்தது செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவை அவசரம் ஒன்றுமில்லை. மெல்ல நடந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கம்மாள் மரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள். அவர் துண்டு முடிச்சை அவிழ்த்து, இரண்டு கண்ணாடி வளையலையும் ஒரு தாவணிக் கிழிசலையும் அவள் கையில் வைத்தார்.

“வாலாஜாபாத்துக்கிட்ட மணல்ல ஒதுங்கியிருந்துதும்மா. ஞாயித்துக்கெழமை காலையில ஆளு வந்து சொன்னான். ஒன்னக் கூட்டிக்கினு போயி மொகத்தக் காட்டிடலாம்னு இங்க ஓடியாந்தேன். நீ ஊருக்குப் போய்ட்டதா இவரு சொன்னாரு. ஊருக்கு ஓடினேன். அங்க நீ இல்ல. திரும்பி வாலாஜாபாத் போறதுக்குள்ள, இனிமே வெச்சிருக்க முடியாதுன்னு போலீஸ்காரங்க பொதைச்சிட்டாங்க. நானும் பாக்கலம்மா.”

அர்ஜுனன் கையிலிருந்த கிளாஸை வைக்கத் தெரியாமல் நின்றான். பிறகு வந்து துரைக்கண்ணுவின் காலடியில் மண்ணில் உட்கார்ந்தான். துரைக்கண்ணு அவனை அடிக்கவில்லை, ஏசவில்லை. அவனைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கம்மாள் வளையலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஒன் கொரல் எனக்குக் கேட்டுதுண்ணா. உள்ளதான் இருந்தேன். நீ என்ன இழுத்துக்கினு போவ வந்திருக்கன்னு நெனைச்சி பேசாம இருந்துட்டேன்.”

நானும் கேட்டேன், நானும் பேசாமல்தான் இருந்தேன் என்று சொல்லிவிட நினைத்தாள் லோகாம்பாள். சொன்னால் யாருக்கு என்ன ஆறுதல் என்று தெரியவில்லை. அண்ணனும் தங்கையும் புறப்பட்டபோது, நானும் கூட வரட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

“நீ வராதம்மா” என்றாள் அங்கம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. வளையலை முந்தானையில் முடிந்துகொண்டு அண்ணன் பின்னால் நடந்தாள். மேட்டில் ஏறி மறைகிற வரை திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு பழைய இரும்பு வியாபாரி ஆட்களோடு வந்து பஸ்ஸைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கும் இரண்டு நாள் கூட்டம் வந்தது. அதற்கப்புறம் யாரும் வரவில்லை. பால் பழையபடி மிஞ்சியது. அர்ஜுனன் யாரிடமும் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவதில்லை, கேட்கவும் ஆளில்லை. புருஷனும் பெண்டாட்டியும் வேண்டியதற்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மெட்ராஸில் வியாசர்பாடி பக்கம் பர்மாவிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள், அங்கே போனால் மூட்டை தூக்கியாவது பிழைக்கலாம் என்று ஒருநாள் சொன்னான். சரி என்றாள்.

சாமான் கட்டுவதற்கு முதல் நாள் அவள் தனியாக வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. இறங்கி, அரிசி மில் களத்தைத் தாண்டி ஆற்றுப்பக்கம் நடந்தாள். களத்தில் பெண்கள் நெல்லைக் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வேலி ஓரத்தில் உட்கார்ந்திருந்த காவல்காரக் கிழவர் இவளைக் கண்டதுமே தெரிந்துகொண்டார்.

“அந்தப் பொண்ணப் பொதைச்ச எடத்தப் பாக்க வந்தியா?”

அவள் தலையை ஆட்டினாள்.

“நீ சொந்தமா?”

“இல்ல. பாக்கத்தான் வந்தேன்.”

“நெறைய பேரு வந்தாங்க, கொஞ்ச நாளைக்கி. அங்க ஒண்ணும் இல்லம்மா. ஒரு கல்லு நட்டிருந்தாங்க, அதையும் எவனோ எடுத்துக்கினு போய்ட்டான்” என்றார் கிழவர். சொல்லிவிட்டு, உடைமுள் மரங்கள் இருந்த திக்கில் கையைக் காட்டினார். அதற்கப்புறம் அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை.

லோகாம்பாள் போய் நின்றாள். மணல், நாலு உடைமுள் மரம், யாரோ தின்றுவிட்டுப் போட்ட வேர்க்கடலைத் தோல். எந்த இடம் என்று தெரியவில்லை. உத்தேசமாக ஓரிடத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். களத்தில் மணி அடித்தது; பெண்கள் சோறு தின்னப் போனார்கள். இனி நின்றால் பஸ் போய்விடும் என்று அவள் சாலைக்குத் திரும்பினாள்.